ஏழாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள்: புதிதாகப் பணியேற்ற ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்நிலைப் பள்ளியில் புதிதாகப் பணியேற்கும் பட்டதாரி ஆசிரியர் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுகொள்வார்: ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியைச் சேர்ந்தாற்போல் வாசிக்க முடியாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். எழுத்தும் வாசிப்பும் தொடக்கப் பள்ளியோடு முடிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் நம் கால அட்டவணையும் பாடப்பகுதியும் அமைந்திருக்கின்றன. பி.எட். படிப்பிலும் இதற்கு ஒதுக்கும் நேரம் குறைவு. ஆனால் பிள்ளை இப்போது நம் கையில் இருக்கிறது. பதின்மூன்று வயதில் வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியும், தமிழில் நிச்சயமாக முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். தமிழாசிரியருக்கு மட்டுமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கும் அறிவியலும் எடுப்பவர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பிள்ளைகள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் கோபம் வராது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2019-20இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பு முழுவதும் போயிற்று, மூன்றாம் வகுப்பில் பாதி போயிற்று. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கியபோது இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். 2025-26இல் ஏழாம் வகுப்புக்கு வந்துசேர்ந்தது இந்த அணிதான். கொரோனாவுக்கு முன்பும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், இனியும் இருப்பார்கள். ஆனாலும் ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் தனியாகக் கேளுங்கள்

பணியேற்ற முதல் இரண்டு வாரங்களில், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வராந்தாவில், மரத்தடியில், எங்கே வேண்டுமானாலும் சரி. மற்ற பிள்ளைகளின் காதுக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு பெரிதாக இருந்தால் ஐயம் உள்ளவர்களை மட்டும் கேட்கலாம். ஆனால் அமைதியாக, ஒழுங்காக, அழகான கையெழுத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். கரும்பலகையில் இருப்பதைப் பிசகாமல் பார்த்தெழுதும் பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம்.

ஒரு தாளில் நான்கு பகுதிகள் தயார் செய்யுங்கள்: தனி எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு நிலையில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு குட்டிக் கதை. பிரதம் என்ற தொண்டு அமைப்பு பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய நடத்தும் அசர் ஆய்வில் தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கொண்டுபோகும் தாளும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். அவர்கள் பத்தியிலிருந்து தொடங்குவார்கள். வாசித்தால் கதைக்குப் போவார்கள், திணறினால் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறங்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மீசை அரும்பத் தொடங்கிய பையனிடம் எடுத்த எடுப்பில் ‘அ, ஆ’ தாளை நீட்டினால் அன்றோடு அவன் மனம் மூடிக்கொள்ளும். இரண்டாம் வகுப்புக் கதையைத் தடையின்றி வாசிப்பவரிடம் அவருடைய பாடநூலின் ‘உரைநடை உலகம்’ பகுதியிலிருந்து ஒரு பத்தியைக் கொடுங்கள்.

மதிப்பெண் போட வேண்டாம். எந்தச் சொல்லை எப்படி வாசித்தார் என்று அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘மூடி’யை ‘முடி’ என்றாரா? ‘கொண்டிருந்தான்’ என்பதில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு ‘கொண்டான்’ என்று ஊகித்தாரா? பிறகு செய்யப்போகும் எல்லா வேலைக்கும் இந்தக் குறிப்புதான் ஆதாரம். அடிப்படைத் திறன்களில் பின்தங்கியவர்களுக்காக 2025-26இல் 6 முதல் 9 வகுப்புகளுக்கு வந்த ‘திறன்’ திட்டத்தின் வழியாக உங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கலாம். அதை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கும், பிழையின் வகை இருக்காது. அதனால் உங்கள் காதாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முடிச்சு எங்கே இருக்கிறது?

1986இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டில் எது சுழியமானாலும் விடை சுழியம்தான். நமக்கு இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. பிள்ளை வாசிக்க முடியாத பத்தியை நீங்களே வாசித்துக் காட்டி, மூன்று கேள்வி கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் முடிச்சு எழுத்தில் இருக்கிறது. கேட்டும் பதில் வரவில்லை என்றால் சொல்வளத்திலோ பின்புல அறிவிலோ இருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்தால் மூன்று வகைப் பிள்ளைகள் தெரிவார்கள். எழுத்திலேயே தடுமாறுபவர்கள் முதல் வகை. எழுத்துத் தெரிந்தும், கூட்டிக்கூட்டி வாசிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடுபவர்கள் இரண்டாம் வகை. கடகடவென்று வாசித்துவிட்டு என்ன வாசித்தோம் என்று தெரியாமல் நிற்பவர்கள் மூன்றாம் வகை. மூன்றாம் வகையினர் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, அந்த வரியைப் பெயர்த்தெழுதியே தேர்ச்சி பெற்று வந்திருப்பார்கள். மூன்று வகையினரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதால்தான் மாலை நேரச் சிறப்பு வகுப்புகள் பல வீணாகின்றன என்பது என் கருத்து.

எழுத்தில் தடுமாறுபவர்களுக்கு

247 எழுத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இந்த வயதில் உயிரும் மெய்யும் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிக்கல் உயிர்மெய்க் குறிகளில் இருக்கும், அதிலும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் இருக்கும்.

ஒன்று, கொம்பு. ‘கெ’ என்பதில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது கொம்பை முதலில் சந்தித்துத் தயங்கும். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு, ‘கொ’, ‘கோ’. கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாக எழுத்தே மூன்று துண்டாகத் தெரியும். மூன்று, துணைக்காலும் ‘ர’வும். அச்சிலேயே இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போலிருக்கும், கையெழுத்தில் கேட்கவே வேண்டாம். ‘பாரம்’ என்ற சொல்லை ஒரு தாளில் எழுதி, எது கால், எது ர என்று பிள்ளையை வட்டமிடச் சொல்லுங்கள், உடனே தெரிந்துவிடும். நான்கு, உகர ஊகார வரிசை. கு, சு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறும். மற்ற வரிசைகளைப் போல் ஒரே குறியைக் கற்றுக்கொண்டு எல்லா மெய்யோடும் ஒட்ட முடியாது. இந்த வரிசைக்குக் கூடுதல் நாள் கொடுங்கள்.

பயிற்சிக்கு இணைச்சொற்களைப் போல் உதவுவது வேறில்லை: படம்–பாடம், கல்–கால், விடு–வீடு, முடி–மூடி, குடை–கூடை, எடு–ஏடு, கொடு–கோடு, கொடி–கோடி. ஒற்று விடுபடுபவர்களுக்கு எடு–எட்டு, பாடு–பாட்டு. இரண்டு சொல்லையும் அட்டையில் எழுதி, நீங்கள் ஒன்றைச் சொல்ல, அவர் சரியான அட்டையை எடுக்க வேண்டும். பிறகு அவர் சொல்ல, நீங்கள் எடுக்க வேண்டும். வேண்டுமென்றே ஒருமுறை தவறாக எடுங்கள். உங்களைத் திருத்தும்போது அவர் கண் எழுத்தை விட்டு அகலாது. ஒரு நாளைக்கு ஒரு குழப்பம் போதும். ண–ன, ல–ள–ழ, ர–ற வேறுபாடுகளை இப்போது தொடாதீர்கள். அவை எழுதும்போது வரும் பிழைகள், வாசிப்பை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

வாசிக்கக் கொடுக்கும் பொருளும் முக்கியம். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பேருந்தின் பெயர்ப்பலகை, கடைப்பலகை, கிரிக்கெட் செய்தித் தலைப்பு, கபடிப் போட்டி நோட்டீஸ் எல்லாம் அவருடைய வயதுக்கு ஏற்ற வாசிப்புதான். இவற்றைவிடவும் நல்லது அவர் வாயிலிருந்தே வரும் வாக்கியம். நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். ‘நேத்து எங்க ஊர்ல செம மழ, கரண்ட்டே இல்ல’ என்று சொன்னால் அப்படியே எழுதி அவரிடமே வாசிக்கக் கொடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதால் ஊகமும் எழுத்தும் கைகோத்துக்கொள்ளும். மறுநாள் அதன் கீழே ‘நேற்று எங்கள் ஊரில் நல்ல மழை, மின்சாரமே இல்லை’ என்று எழுதி இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கவையுங்கள். பேசும் தமிழிலிருந்து நூல் தமிழுக்குப் போகும் வழியையும் இது சேர்த்தே காட்டிவிடும். கொச்சையாக எழுதலாமா என்று சில மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். முதல் நாள் மட்டும்தான் அப்படி, மறுநாளே நூல் தமிழ் வந்துவிடுகிறது என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

நீளச் சொற்கள்

எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளையும் ‘வைத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்ற சொல்லின் முன் நின்றுவிடும். தமிழில் சொல்லுக்குப் பின்னால் சொல்லாக ஒட்டிக்கொண்டே போகும். மேல்வகுப்புப் பாடநூல்களில் இந்த நீளம் திடீரென்று கூடுகிறது. வகுப்பிலேயே பென்சிலால் வெட்டிக் காட்டுங்கள்: வைத்துக் / கொண்டு / இருந்தவர்கள் / இடம் / இருந்து. அடிக்கடி வரும் வால்களை, அதாவது ‘-களுக்கு’, ‘-இலிருந்து’, ‘-கொண்டிருந்த’, ‘-இல்லாமல்’, ‘-வேண்டியிருக்கிறது’ போன்றவற்றை, ஒரு சுவரொட்டியாக எழுதி ஒட்டுங்கள். இவை பார்த்த மாத்திரத்தில் வாயில் வர வேண்டும். வந்துவிட்டால் சொல்லின் தலையை மட்டும் கூட்டிப் படித்தால் போதும்.

மற்றப் பாட ஆசிரியர்கள் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். பாடம் தொடங்கும் முன் அன்றைய ஐந்து சொற்களைக் கரும்பலகையில் பிரித்து எழுதுங்கள். ஒளி + சேர்க்கை, வளி + மண்டலம், குடியரசு + தலைவர். எல்லாரும் சேர்ந்து இரண்டு முறை வாசிக்கட்டும், பொருளை ஒரு வரியில் சொல்லுங்கள். மூன்று நிமிட வேலை. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் யாரும் தனியாகச் சுட்டப்படுவதில்லை. ‘கவிதைப்பேழை’ செய்யுள்களைச் சீர் பிரித்தும் பதம் பிரித்தும் எழுதிக் கொடுத்த பிறகே வாசிக்கச் சொல்லுங்கள்.

சரளம் வர

இரண்டாம் வகையினருக்குத் தேவை ஒரே பத்தியைப் பலமுறை வாசிப்பது. முதலில் நீங்கள் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுங்கள். அடுத்து நீங்கள் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி. பிறகு எல்லாரும் சேர்ந்து. பிறகு இருவர் இருவராக. நான்கு நாளில் அதே பத்தி நான்கு விதமாக வாசிக்கப்பட்டிருக்கும். நான்காம் நாள் அது ஓடும்போது பிள்ளையின் முகம் மாறும். அந்த மாற்றத்துக்காகவே இதைச் செய்யலாம். கடிகாரம் வைத்து யார் வேகம் என்று போட்டி நடத்த வேண்டாம். மிக மெதுவாக வாசிப்பவர்தான் அதில் தோற்பார், அவர் ஏற்கெனவே போதிய அளவு தோற்றிருக்கிறார்.

இரட்டையரைச் சேர்க்கும்போது வகுப்பின் முதல் மாணவியையும் கடைசி மாணவரையும் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். சற்றே மேம்பட்டவரைப் பக்கத்தில் வையுங்கள், நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. ‘வாசிப்பு இயக்கம்’ வழியாகப் பள்ளிகளுக்கு வந்த நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைச் சிறுநூல்கள் அலமாரியில் பூட்டப்பட்டிருந்தால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ‘தேன்சிட்டு’ இதழ்களும் அங்கேதான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். திணறும் பிள்ளை தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக்கொண்டு, அதை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். நடுவில் வாசிக்கப்பட்ட எதுவும் காதில் விழாது. முறை வந்ததும் வகுப்பே சிரிக்கும். அடுத்த வாரம் அந்தப் பாடவேளைக்கு வயிற்றுவலி வரும்.

வாசித்தும் புரியாதவர்களுக்கு

1984இல் ஆன்மேரி பாலின்க்ஸரும் ஆன் பிரவுனும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடமே ஒரு முறையை நடத்திப் பார்த்தார்கள். எழுத்தை ஓரளவு வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகள் அவர்கள். சிறு குழுவாக உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திக்கும் நான்கு வேலைகள்: சுருக்கிச் சொல்வது, ஒரு கேள்வி எழுப்புவது, புரியாத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார், பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராவார்கள். ‘விரிவானம்’ பகுதிக் கதைகளில் இதைத் தொடங்குங்கள். பிள்ளைகள் எழுப்பும் கேள்விகள் முதலில் ‘அவர் பெயர் என்ன?’ என்ற அளவில்தான் இருக்கும். ‘ஏன் அப்படிச் செய்தார்?’ என்ற கேள்வி வர நாளாகும். காத்திருங்கள்.

பின்புல அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையை நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நம் வகுப்பிலும் அப்படித்தான். மதகு, வாய்க்கால், முறைப்பாசனம் வரும் பாடம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு எளிது, சென்னைப் பிள்ளைக்குக் கடினம். ஆகவே வாசிக்கும் முன் ஐந்து நிமிடம் படம் காட்டுங்கள், பேசுங்கள். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டின் காணொளியைப் பாடம் முடிந்த பின் காட்டுவது வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு அதை முன்னாலேயே காட்டிவிடுங்கள்.

பாடம் நிற்கக் கூடாது

வாசிப்பு சரியாகும்வரை அறிவியலும் வரலாறும் காத்திருக்கட்டும் என்று விட்டால், பிள்ளை இரண்டிலும் பின்தங்கும். இன்றைக்குக் கேட்காத பாடத்தின் சொற்கள் நாளைய வாசிப்பில் அந்நியமாக நிற்கும். எனவே அதே பாடத்தைக் காது வழியாகக் கொடுங்கள். பாடப்பகுதியை உரக்க வாசியுங்கள். வகுப்புத் தேர்வில் வினாத்தாளை வாசித்துக்காட்டுங்கள். வாய்மொழியாகச் சொன்ன விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள். வினாவைக் காதால் கேட்டுவிட்டு முழு விடையையும் சொல்லக்கூடிய பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறது என்று அப்போதுதான் உங்களுக்கும் தெரியும், அதற்கும் தெரியும்.

நேரத்துக்கு எங்கே போவது?

நாள்தோறும் இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட இது பலன் தரும். நூலகப் பாடவேளை, காலை வழிபாட்டுக்கு முந்தைய நேரம், தமிழ்ப் பாடவேளையில் மற்றவர்கள் எழுதும்போது கிடைக்கும் இடைவெளி ஆகியவற்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு நிரந்தரமாக்கிக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பாடவேளையை மட்டும் எடுக்காதீர்கள். வகுப்பறையில் தலைகுனிந்து உட்காரும் பல பிள்ளைகள் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் மைதானம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே தாளை மீண்டும் வாசிக்கச் சொல்லி, முதல் குறிப்போடு ஒப்பிடுங்கள். முன்னேற்றத்தைப் பிள்ளைக்கே காட்டுங்கள். பெற்றோரை அழைத்தால் ‘உங்க பையனுக்கு வாசிக்கத் தெரியலை’ என்று தொடங்க வேண்டாம். ‘தம்பி இப்ப இந்தப் பத்திய வாசிக்கிறான், வீட்ல தினம் பத்து நிமிஷம் உங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சமைத்துக்கொண்டே கேட்டால் போதும்.

யாரிடம் அனுப்புவது?

கரும்பலகையில் உள்ளதைப் பிழையாக எழுதும், கண்ணைச் சுருக்கும், அடிக்கடி தலைவலி என்னும் பிள்ளைக்கு முதலில் கண் பரிசோதனை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரைக் கொடுங்கள், கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். அழைத்தால் திரும்பாத பிள்ளைக்குக் காது.

எல்லாம் செய்தும் நகராத சிலர் இருப்பார்கள். பேச்சில் கெட்டிக்காரராக இருந்தும், நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிந்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். டிஸ்லெக்சியா என்று முத்திரை குத்துவது நம் வேலை இல்லை. வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியரிடம் உங்கள் குறிப்புகளோடு அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோரலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் எட்டிலேயே தொடங்கினால்தான் காகித வேலைகள் முடியும்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். ஓசூரிலும் திருப்பூரிலும் இப்படிப் பலர் உண்டு. அவர்களுக்குத் தமிழ்ச் சொற்களே இன்னும் போதாமல் இருக்கலாம். எழுத்துப் பயிற்சிக்கு முன் பேச்சு வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில்தான் முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றால் கால அவகாசம் குறைவு, வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வினாத்தாள் மொழியிலிருந்து தொடங்குங்கள்: விளக்குக, வேறுபடுத்துக, காரணம் கூறுக, பொருத்துக, கோடிட்ட இடங்களை நிரப்புக. பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தை முதல் மாதத்தில் முடித்துவிட்டு, அடுத்த மாதம் கொம்புக்கும் காலுக்கும் வாருங்கள்.